பிறந்த தேதி வேண்டாம் என்றார் டீச்சர்

கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டுவதுதான் எனக்குத் தொழில். பாளையங்கோட்டையில் அப்பா போட்ட பட்டறை, அவருக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பா காலத்தில் எல்லாம் உளிதான். இப்போது கம்ப்யூட்டரில் எழுத்தை அடித்து, ஸ்டிக்கர் வெட்டி, கல்லில் ஒட்டி, மணலை வீசி அடித்தால் எழுத்து விழுந்துவிடும். ஆனாலும் ழ, ஞ போன்ற எழுத்துகளின் வளைவை ஒரு தடவை உளியால் தொட்டு எடுத்தால்தான் எனக்குத் திருப்தி.

யார் வந்தாலும் முதலில் நான் கேட்பது இரண்டு தேதி. பிறந்தது, இறந்தது. அதற்குப் பிறகுதான் பெயர், வசனம், சிலுவை மாடல் எல்லாம். போன பங்குனியில் ஒரு டீச்சர் வந்தார். ஓய்வு பெற்று இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, வயது எண்பத்து நாலு. தனக்கே கல் செய்ய வந்திருந்தார். அது அப்படியொன்றும் அபூர்வமில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் சிலர் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவார்கள். ஆனால் அவர் சொன்ன தேதிதான் புதிது.

"பிறந்த தேதி வேண்டாம் தம்பி. 21.4.1962ன்னு போடுங்க. அதுக்கு முன்னால ஞானஸ்நானம்னு போடுங்க. கீழே இன்னொரு தேதிக்கு இடம் விட்டிருங்க."

ஏன் டீச்சர் என்று கேட்டேன். அது ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமையாம். தாமிரபரணியில் இடுப்பளவு தண்ணீரில் முழுக்கு. வீட்டுக்குத் தெரியாமல் போகவில்லை, சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

"நான் இங்க முழுகி எழுந்திரிச்சேன். எங்க அப்பா எங்க ஊர்ப் படித்துறையில, அதே ஆத்துல, என்னைத் தலைமுழுகிட்டு வீட்டுக்குப் போனாங்க. செத்தவளுக்கு என்ன செய்யணுமோ அதைச் செஞ்சாங்க. ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் எனக்கு அடக்கம் ஆயிட்டு தம்பி. அந்தத் தேதியைப் போடாம வேற எந்தத் தேதியைப் போட?"

அழாமல் சொன்னார். எனக்குத்தான் என்னவோ போலிருந்தது. தலைமுழுகுவது என்ற சொல்லை நாம் எவ்வளவு சாதாரணமாகப் பேசிவிடுகிறோம். 'அவனைத் தலைமுழுகியாச்சு' என்று கடன் வாங்கி ஏமாற்றியவனைப் பற்றிக்கூடச் சொல்கிறோம். சாவு வீட்டிலிருந்து வந்து குளிக்கிற குளிப்பு அது. மகள் உயிரோடு இருக்கும்போது ஒரு தகப்பன் அந்தக் குளிப்பைக் குளித்திருக்கிறார்.

அன்று ராத்திரி பைபிளை எடுத்து, பவுல் எழுதிய ரோமர் நிருபத்தில் ஆறாம் அதிகாரத்தைப் படித்தேன். எத்தனையோ தடவை ஆராதனையில் கேட்ட வசனம்தான். 'அவருடைய மரணத்திற்குள்ளாக்கும் ஞானஸ்நானத்தினாலே கிறிஸ்துவுடனேகூட அடக்கம்பண்ணப்பட்டோம்.' அடக்கம் என்ற சொல் எனக்குச் சோறு போடுகிற சொல். போஸ்டரில், மைக் வைத்த ஆட்டோவில், சபை அறிவிப்பில், 'இன்று மாலை நாலு மணிக்கு அடக்க ஆராதனை' என்று தினமும் காதில் விழுகிற சொல். அதே சொல் ஞானஸ்நானத்துக்கு நிற்கிறது, அதுவும் பவுல் கையால், என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஐயர் ஒருவர் இருக்கிறார். (வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், குருவானவரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம்.) சபைச் சரித்திரம் பாடம் நடத்தியவர். அவர் மனைவியின் கல்லை நான்தான் வெட்டினேன். அந்தப் பழக்கத்தில் டீச்சர் சொன்னதைப் போய் அவரிடம் சொன்னேன். "அந்தம்மா சொன்னது ஆதிச் சபை சொன்னதுதான் வே" என்று ஆரம்பித்தவர், அடுத்தடுத்து நான்கைந்து சாயங்காலம் எனக்குப் புத்தகம் எடுத்துக் காட்டிப் படித்துச் சொன்னார்.

அதில் என்னை உலுக்கியது எருசலேமின் சிரில் பெயரில் வழங்கும் உரைகள். நாலாம் நூற்றாண்டில் அங்கே பேராயராக இருந்தவர். ஈஸ்டர் ராத்திரி ஞானஸ்நானம் பெற்றவர்களை மறுபடி கூட்டி வைத்துக்கொண்டு, அந்த ராத்திரி உங்களுக்கு என்ன நடந்தது தெரியுமா என்று ஒவ்வொன்றாக விளக்குகிறார். கூட்டம் நடப்பது எங்கே? கிறிஸ்துவின் கல்லறைமேல் கட்டிய கோயிலில். முதலில் வெளி அறையில் மேற்கே பார்த்து நின்று, கையை நீட்டி, சாத்தானை விட்டேன் என்று சொல்ல வேண்டும். அப்புறம் கிழக்கே திரும்ப வேண்டும். உள்ளே போய் உடையைக் களைய வேண்டும். உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் பூசுவார்கள். அதன்பிறகு, இதோ கண்முன்னே இருக்கிற இந்தக் கல்லறைக்குச் சிலுவையிலிருந்து கிறிஸ்துவைக் கொண்டுபோனதுபோல, உங்களை ஞானஸ்நானத் தொட்டிக்குக் கொண்டுபோனோம் என்கிறார். மூன்று தடவை முங்கி எழுந்தது கிறிஸ்து மண்ணுக்குள் இருந்த மூன்று நாள். ஒரே வேளையில் செத்தீர்கள், பிறந்தீர்கள். அந்தத் தண்ணீரே உங்களுக்குக் கல்லறையும் ஆயிற்று, தாயும் ஆயிற்று.

இதைக் கேட்டபோது எனக்கு நீர்மாலைதான் நினைவுக்கு வந்தது. பட்டறையில் என்னோடு வேலை பார்க்கிற பையனுடைய ஆச்சி இறந்தபோது நானும் கூடப் போனேன். பேரன்மார் ஆற்றில் முங்கி, குடத்தில் தண்ணீர் மொண்டு, தலைக்கு மேலே வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தபடி, மேளத்தோடு ஈர உடையில் நடந்து வந்தார்கள். அந்தத் தண்ணீரில் கிழவியைக் குளிப்பாட்டினார்கள். தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். கோடிச்சேலை சார்த்தினார்கள். எங்கள் வீடுகளில் நீர்மாலையும் மேளமும் கிடையாது. ஆனால் குளிப்பாட்டாமல், புதுத்துணி உடுத்தாமல் பெட்டியில் வைக்க மாட்டோம். பைபிளில், அப்போஸ்தலர் நடபடிகளில், யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோதும் முதலில் குளிப்பாட்டித்தான் மேல்வீட்டில் கிடத்துகிறார்கள்.

தண்ணீர், எண்ணெய், புதுத்துணி. செத்தவருக்குச் செய்கிற மூன்றையும் ஆதிச் சபையார் உயிரோடு இருக்கிறவருக்குச் செய்தார்கள். நான் புரிந்துகொண்டது இதுதான். சவத்துக்குச் செய்யும்போது ஒரு தடவைதான். அவர்களுக்கோ அது முன்னாடியே நடந்துவிட்டது. அதனால் கடைசியில் குளிப்பாட்டி வெள்ளை உடுத்தும்போது, முன்பு செய்ததை இன்னொரு தடவை செய்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் தலை மேற்கேயும் கால் கிழக்கேயும் வைத்து அடக்கம் செய்கிறோம், எழுந்தால் முகம் கிழக்கே பார்க்கும் என்று. நான் தலைக்கல்லை எப்போதும் மேற்கு ஓரத்தில்தான் நட்டிருக்கிறேன். மேற்கிலிருந்து கிழக்கே திரும்புகிற அந்தத் திருப்பம் தொட்டியருகிலேயே ஒரு தடவை நடந்துவிட்டது என்று நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

கல்லறையும் தாயும் ஒன்று என்பது நம் ஊருக்கும் அந்நியமில்லை. ஆதிச்சநல்லூர் இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். அங்கே இப்போது, அந்தக் காலத்தில் செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளை எடுத்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். நாம் நடக்கிற காலுக்குக் கீழே தாழி இருக்கும். அந்தத் தாழியின் வயிற்றைப் பார்த்தால் யாருக்குமே வயிறு என்றுதான் தோன்றும். புறநானூற்றில் ஒருத்தி குயவரிடம், கணவனுக்கு வனையும் தாழியை எனக்கும் சேர்த்து அகலமாக வனையச் சொல்கிறாள். மண்ணுக்குள் போவதை வீட்டுக்குள் போவதுபோல நினைத்த ஜனங்கள் இந்த ஆற்றங்கரையிலேயே இருந்திருக்கிறார்கள். அந்த ஆற்றில்தான் டீச்சரும் முழுகினார்.

ஐயர் காட்டிய படங்களில் ஒன்று சிரியாவில் ஐபிராத்து நதிக்கரையிலிருந்த தூரா யூரோப்போஸ் என்ற ஊர். அங்கே ஒரு சாதாரண வீட்டைத்தான் கோயிலாக மாற்றியிருந்தார்கள். அதில் ஓர் அறை ஞானஸ்நானத்துக்கு. அந்த அறையிலிருந்த தொட்டியை நான் வெகுநேரம் பார்த்தேன். தொழில்காரன் கண் வேறு மாதிரி. சுவரை ஒட்டி, தரையிலிருந்து எழும்பி, மேலே வளைவு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ரோமாபுரி நிலவறைக் கல்லறைகளில் பெட்டிமேல் வளைவு வெட்டியிருப்பார்கள் அல்லவா, அதே அமைப்பு. பக்கச் சுவரில் பெரிய வெள்ளைப் பெட்டி ஒன்றை நோக்கிப் பெண்கள் தீபத்தோடு வரிசையாக நடந்து வருகிற ஓவியம். கல்லறைக்குப் போன பெண்கள் என்று பலரும் சொல்கிறார்கள், மணவாளனை எதிர்கொள்ளப் போகும் கன்னிகைகள் என்று சொல்வோரும் உண்டு. எனக்குக் கல்லறைதான். ஏனென்றால் ஞானஸ்நானம் பெற வருகிறவர் அந்தப் பெண்கள் நடக்கிற திசையிலேயே நடந்துபோய்த் தொட்டிக்குள் இறங்குகிறார். 256 வாக்கில் பெர்சியப் படை முற்றுகையிட்டபோது ஊர்க்காரர்கள் மதிலைப் பலப்படுத்த அதை ஒட்டிய வீடுகளில் மண்ணைக் கொட்டி நிரப்பிவிட்டார்கள். ஊர் விழுந்தது, யாரும் திரும்பி வரவில்லை. மண்ணுக்குள் போனதால்தான் ஓவியம் பிழைத்தது. 1930களில் தோண்டி எடுத்து, இப்போது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று கல்வெட்டு. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. யூனியுஸ் பாஸுஸ் என்று ரோமாபுரியின் நகர அதிபதி. அவருடைய சலவைக்கல் பெட்டியின் மேல்விளிம்பில் ஒரே வரியாக எழுத்து ஓடுகிறது. நாற்பத்திரண்டு வருஷமும் இரண்டு மாதமும் வாழ்ந்தார், பதவியில் இருக்கும்போதே புதிதாக ஞானஸ்நானம் பெற்றவராய்த் தேவனிடம் போனார், 359 ஆகஸ்ட் 25. இவ்வளவுதான். பிறந்த தேதி கிடையாது. ஞானஸ்நானம் இருக்கிறது, போன தேதி இருக்கிறது. டீச்சர் கேட்டதும் இதையேதான்! அந்தக் காலத்தில் பலர் சாவு நெருங்கும்வரை ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டார்கள். கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்திகூட 337இல் கடைசிப் படுக்கையில்தான் பெற்றார். பெற்றபின் ராஜாவின் ஊதா அங்கியைத் தொடவில்லை, வெள்ளையிலேயே இருந்து இறந்தார். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஒரு வாரம் வெள்ளை உடுத்துவார்கள். அந்த வாரத்துக்குள் இறந்தவர்களை 'வெள்ளையில் போனார்' என்று கல்லில் எழுதியிருக்கிறார்கள்.

பழைய கிறிஸ்தவக் கல்வெட்டுகளில் அடிக்கடி வருகிற இன்னொரு சொல்லுக்கு 'ஒப்படைக்கப்பட்டார்' என்று பொருள். வங்கியில் போடுகிறோமே டெபாசிட், அந்தச் சொல்லேதான். திரும்ப வாங்கிக்கொள்ளப் போட்டு வைப்பது. கல்லறைத் தோட்டத்துக்குக் கிரேக்கத்தில் அவர்கள் வைத்த பெயர் தூங்குமிடம். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று ஆயிரம் கல்லிலாவது வெட்டியிருப்பேன். அது எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் தெரிந்தது.

இனி எழுதப்போவது எங்கள் வீட்டுக் காரியம். எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எனக்கு முன்னால் ஒரு அண்ணன். பிறந்து ஒன்பதாம் நாள் இறந்துவிட்டான். ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை கொடுக்கலாம் என்று இருந்திருக்கிறார்கள். அப்போது பொறுப்பில் இருந்தவர், ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு அடக்க ஆராதனை கிடையாது, தோட்டத்துக்குள் இடமும் கிடையாது என்று சொல்லிவிட்டார். மதிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் அப்பாவும் சித்தப்பாவும் குழி தோண்டி வைத்துவிட்டு வந்தார்கள். ஊருக்கெல்லாம் கல் வெட்டிய அப்பா, அவனுக்கு ஒரு துண்டுக் கல்கூட நடவில்லை. நட விடவில்லை.

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று ஐயரிடம் கேட்டேன். 1662ஆம் வருஷத்து ஆங்கிலத் திருச்சபை ஜெபப் புத்தகத்தில் அடக்க ஆராதனைக்குத் தலைப்பிலேயே அச்சிட்டிருக்கிறதாம், ஞானஸ்நானம் பெறாமல் இறந்தவர்களுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று. கப்பலேறி வந்த விதி, திருநெல்வேலிச் சீமையில் ஒரு வேப்பமரத்தடி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அம்மா அன்று ராத்திரி ஒரு காரியம் செய்திருக்கிறாள். பிள்ளைக்கு மூச்சு நின்றபிறகு, செம்பில் தண்ணீர் எடுத்து, மூன்று தடவை தலையில் ஊற்றி, பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று சொல்லியிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. பெரிய பாவம் செய்துவிட்டதாக நாற்பது வருஷம் மனதுக்குள்ளேயே வைத்திருந்தாள். இதை நான் ஐயரிடம் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார், 397இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய சங்கத்தில், செத்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் இருக்கிறது என்று. கூடாது என்று எழுதி வைக்க வேண்டியிருந்தால், செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் ஒரு தாய் செம்போடு உட்கார்ந்திருக்கிறாள்.

அதற்கு ஐந்து வருஷம் முன்னால் 392இல் இளம் சக்கரவர்த்தி இரண்டாம் வாலென்டினியன் இறந்துபோனான். வந்து எனக்கு ஞானஸ்நானம் கொடுங்கள் என்று மிலான் பேராயர் அம்புரோசுக்கு ஆள் அனுப்பியிருந்தான். அவர் போய்ச் சேருமுன்பே இறந்துவிட்டான். தங்கைகள் இரண்டு பேரும் ஞானஸ்நானம் இல்லாமல் போய்விட்டானே என்று அழுகிறார்கள். அடக்கத்தில் அம்புரோஸ் அவர்களுக்குச் சொன்னது, அவன் விரும்பினான், கேட்டான், கேட்டதால் பெற்றுக்கொண்டான் என்பது. ஞானஸ்நானத் தொட்டியைக் கல்லறை என்று வாய் ஓயாமல் போதித்த அதே அம்புரோஸ்தான். தொட்டியின் அர்த்தம் தெரிந்தவருக்கு அந்தத் தைரியம் இருந்தது. கிறிஸ்துவோடு சேர்ந்து மண்ணுக்குள் போவதுதான் ஞானஸ்நானம் என்றால், அதைக் காட்டி ஒரு சிசுவை மதிலுக்கு வெளியே வைப்பது எந்த வகையிலும் நியாயமில்லை. இதை நான் யாரிடமும் சொல்லத் தயார்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் வாலென்டினியன் கதையைச் சொன்னேன். பெயர் அவள் வாயில் நுழையவில்லை. "அந்தப் பையன் கேட்டான். நம்ம பிள்ளைக்கு நான் கேட்டேன்லா" என்றாள். கொஞ்சநேரம் கழித்து, "மதிலைத்தான் தள்ளிக் கட்டிட்டாங்களே, அவன் உள்ளேதான் இருக்கான்" என்றாள். நிஜம்தான். தோட்டம் நிறைந்துபோய், சபையார் பக்கத்து இடத்தை வாங்கி, புது மதில் எழுப்பிப் பதினைந்து வருஷம் ஆகிறது. வேப்பமரம் இப்போது உள்ளே நிற்கிறது.

டீச்சர் கல்லுக்கு வருகிறேன். கறுப்புக் கிரானைட், இரண்டடிக்கு ஒன்றரையடி. மேலே பெயர், அதன் கீழே 'ஞானஸ்நானம் 21.4.1962', அதன் கீழே 'நித்திரை' என்று மட்டும் வெட்டி, பக்கத்தில் கல்லைப் பாலிஷோடு விட்டிருக்கிறேன். ஞானஸ்நானம் என்ற சொல்லில் இரண்டு 'ஞா' இல்லை, ஒரு 'ஞா', ஒரு 'ஸ்நா', ஆனால் அந்த ஒரு ஞ போதும் ஒருநாள் வேலை வாங்க. மிஷினை விட்டுவிட்டு முழுச் சொல்லையும் உளியாலேயே எடுத்தேன்.

பாதி வேலையில் போன் பண்ணினார். டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மாவின் அடக்க இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். பார்த்திருக்கிறேன். அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி, 1951இல் இறந்தவர், தனக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவர். பிள்ளைகள் அங்கே பறவைகள் குளிக்க ஒரு கல்தொட்டி மட்டும் வைத்தார்கள். "எனக்கு அவ்வளவு வேண்டாம் தம்பி. கல்லுக்கு மேல ஒரு குழி மாதிரி எடுத்து விடுவீங்களா? குருவி வந்து முங்கட்டும்."

தலைக்கல்லின் மேல்விளிம்பில் குழி எடுக்க முடியாது, கல் கனம் காணாது. அதனால் கல்லறையின் கால்மாட்டில் வைக்கத் தனியாக ஒரு துண்டு எடுத்தேன். எட்டுப் பட்டை போட்டேன். மிலானில் அம்புரோஸ் காலத்து ஞானஸ்நானத் தொட்டி எட்டுப் பட்டை, ஓய்வுநாளுக்கு மறுநாள், கர்த்தர் எழுந்த எட்டாம் நாள் என்ற கணக்கில். கிரைண்டரால் கீறி, உளியால் கொத்தி, நடுவில் இரண்டு விரற்கடை ஆழம். மேடாக இருந்த ஒரு பக்கத்தை மூன்று தடவை தேய்க்க வேண்டியிருந்தது, தண்ணீர் ஒரு ஓரமாகவே போய் நின்றுகொண்டிருந்தது.

போன வெள்ளிக்கிழமை டீச்சர் ஆட்டோவில் வந்தார். கல்லை நிமிர்த்தி வைத்திருந்தேன். எழுத்துமேல் விரலை வைத்து, தேதியை மட்டும் இரண்டு தடவை தடவிப் பார்த்தார். பிறகு எட்டுப் பட்டைக் கல்லின் பக்கம் குனிந்து, தன் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து தண்ணீரை ஊற்றினார்.

"நிக்குதா தம்பி?"

"நிக்குது டீச்சர்."